நெறச்சுத் தா

அக்காவின் கையில் சாயா கொடுப்பவர்கள் எல்லாருமே முக்கால் கிளாஸ்தான் ஊற்றுவார்கள். அவளுடைய கை ஓரிடத்தில் நிற்காது. கிளாஸ் வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி கீழே போய்விடும். நாங்கள் நடனம் பழகிய மண்டபத்துக்கு எதிரே இருந்த சாயாக்கடைக்காரரும் முதல் நாள் அப்படித்தான் பார்த்துப் பார்த்துக் குறைத்து ஊற்றினார். அக்கா கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்படியே திருப்பி நீட்டினாள்.

"நெறச்சுத் தா."

"சிந்திப் போவும் பிள்ளே. சூடு."

"சிந்தட்டும். சிந்துனதும் எனக்க சாயாதான்."

இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரமானது என்றால், கடைக்காரர் அதற்குள் வேறு மூன்று பேருக்குச் சாயா ஆற்றிவிட்டார். நிறைத்துக் கொடுத்தார். பாதி அவள் சுடிதாரில் கொட்டியது, கொஞ்சம் என் செருப்பில். மிச்சத்தை ரசித்துக் குடித்தாள். கறையைத் துடைக்கக் கைக்குட்டை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "காயும்" என்றாள்.

கூடப் பிறந்தவள் இல்லை, வயதில் மூத்தவள் என்பதால் அக்கா. பிறவியிலேயே மூளை முடக்குவாதம் அவளுக்கு. முடக்குவாதம் என்றால் முடங்கிக் கிடப்பது என்றுதான் நினைப்போம். அக்காவுக்கு நேர்மாறு. உடம்பு முடங்கவே முடங்காது. வலது கைதான் மும்முரம். விரல்கள் ஒவ்வொன்றாக விரியும், மணிக்கட்டு உள்ளே திரும்பும், முழங்கை மேலே ஏறும், கை தலைக்குப் பின்னால் போய் என்னவோ தேடும், திடீரென்று நேரே பாயும். கழுத்தும் தோளும் அதற்குப் பின்னால் இழுபட்டுப் போகும். தூக்கத்தில் மட்டும்தான் ஓய்வு. நடப்பாள், ஆனால் பக்கத்தில் நடப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நடக்க வேண்டும்.

நான் இதற்கு எதிர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டி நடக்கிறேன். தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. பஸ்ஸில் ஓரத்து சீட், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி, போட்டோவில் பின்வரிசை. யாருக்கும் இடைஞ்சலில்லாமல் இருந்து பழகியவள். அப்படிப்பட்ட என்னை மாஸ்டர் முதல் நாளே அக்காவுக்கு ஜோடியாகப் போட்டார்.

மாஸ்டர் சென்னைக்காரர். நவீன நடனம் கற்றவர். மாற்றுத்திறனாளிகளையும் மற்றவர்களையும் சேர்த்து ஒரு நடனம் அமைக்க வேண்டும் என்று எங்கள் மாவட்டத்துக்கு வந்து ஆள் தேடினார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் தக்கலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் கிடைத்தது. நானும் அக்காவும், பூதப்பாண்டியிலிருந்து வரும் பார்வையில்லாத ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும், சக்கர நாற்காலியில் இரண்டு பேரும், கல்லூரியில் படிக்கிற நாலைந்து பேரும். சாம்பார் வாசனை போகாத தரையில்தான் படுத்தோம், உருண்டோம், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்தோம்.

மாஸ்டர் கொடுத்த முதல் பயிற்சியே, "எல்லாரும் அசையாம இருங்க. மூச்சை மட்டும் கவனிங்க" என்பதுதான். கண்ணை மூடியிருந்தோம். கூடம் அமைதியானது. அந்த அமைதியில் அக்காவின் கை தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் அவளருகே போய் உட்கார்ந்து மெதுவாக, "உங்களால எது முடியுமோ அதைச் செய்ங்க, போதும்" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். பேச்சு வரும்போது அவள் வாய் முதலில் ஒரு பக்கம் கோணும். பிறகுதான் சொல் வரும்.

"மு... முடியாதத... சொல்லுங்க மாஸ்டர். முடியுறத நான்... வீட்லயே செய்யுதேன்."

அவள் பேசும்போது யாரும் இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்து வைக்கக் கூடாது. முடித்து வைத்தால் வாக்கியத்தையே மாற்றிவிடுவாள். ஒரு நாள் நல்ல வெயில். பயிற்சி முடிந்து வியர்த்து உட்கார்ந்திருந்தோம். "எனக்கு... வெ..." என்றாள். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, "வெள்ளமா அக்கா?" என்றாள். தாகம் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அக்கா அவளை முறைத்தாள்.

"வெ... வெத்தல."

அக்கா வெற்றிலை போட்டு யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெண் நிஜமாகவே ஓடிப்போய் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வாங்கி வந்துவிட்டாள். எங்கள் எல்லார் முன்னாலும் அக்கா அதை மடித்து வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வர, கடைசிவரை மென்றாள். அதற்குப் பிறகு நாங்கள் காத்திருக்கக் கற்றுக்கொண்டோம்.

அவளோடு இருப்பது லேசில்லை. பயிற்சியில் எனக்கு இரண்டு முறை உதடு கிழிந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க மாட்டாள். "நீ எதுக்கு அங்கண நின்ன?" என்பாள். ஒரு அசைவு ஒருவழியாக எங்களுக்குப் படிந்து, அப்பாடா என்று நிமிரும்போது, "இது வேண்டாம், வேற" என்பாள். சலிப்பு எங்களுக்குத்தான். அவளுக்கு ஒரு இடத்தில் நிற்பது என்பதே ஆகாது. இப்போது அவள் எங்கள் குழுவில் இல்லை. நாகர்கோவிலில் நாங்கள் ஆடியது பேசப்பட்டு, வேறு ஊர்களிலிருந்தும் அழைத்தார்கள். மாஸ்டர், "அன்னைக்குச் செஞ்சீங்களே, அதே மாதிரி" என்று கேட்டார். "அன்னைக்கு வந்தது அன்னைக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த சில மாதங்களில் கிளம்பிப் போய்விட்டாள். கோழிக்கோட்டில் ஒரு நாடகக் குழுவில் இருக்கிறாள். அங்கேயும் எத்தனை நாளோ தெரியாது.

ஆனால் அந்த நாகர்கோவில் நிகழ்ச்சியே நடக்காமல் போயிருக்கும்.

மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவின் கை போகிற வழியில் எல்லாருடைய கையும் போகட்டும் என்றார். மனப்பாடம் செய்ய முடியாது, ஏனென்றால் அது ஒரு முறை போன வழியில் மறுமுறை போகாது. அவளைப் பார்த்துக்கொண்டே, அந்தந்த நொடியில் பின்தொடர வேண்டும். எங்களுக்கு வரவேயில்லை. எங்கள் கைகள் ஒழுங்காக வளர்ந்தவை. எங்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் கிளம்பும். சக்கர நாற்காலிக்காரர் ஒருவருக்கு முழங்கை சுளுக்கிக்கொண்டது. பூதப்பாண்டி வாத்தியார் பார்க்க முடியாதவர் என்பதால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியெல்லாம் போனார். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் இழுபட்டுவிட்டு, "அம்மாடி, வாய்க்கால்ல விலாங்கு மீனப் பிடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றார்.

அக்கா சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் உடம்பு முழுவதும் சேர்ந்துகொள்ளும். அவள் சிரிக்க, கை இன்னும் வேகமாகச் சுழல, நாங்களும் சிரித்துக்கொண்டே எங்கள் கைகளைச் சுழற்றினோம்.

அந்த நேரத்தில்தான் காக்கா வந்து நின்றார்.

காக்கா அவளுடைய அண்ணன், அவர்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் வீடு. பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவை மண்டபத்து வாசலில் இறக்கிவிடுவதும் கூட்டிப்போவதும் அவர்தான். உள்ளே வந்ததில்லை. அன்று அக்கா வேனில் விட்டுப்போன துப்பட்டாவைக் கொடுக்க ஏறி வந்திருக்கிறார். கதவைத் திறந்ததும் அவர் கண்ணில் பட்டது இதுதான். நடுவில் தங்கை. சுற்றிலும் ஒரு கூட்டம், அவளுடைய கையைப் போலக் கையை ஆட்டிக் காட்டிச் சிரிக்கிறது.

துப்பட்டா கீழே விழுந்தது. நேராக மாஸ்டரிடம் போய், தூக்கியிருந்த அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கையத் தாத்துலே."

"சார், இது வந்து ஒரு மூவ்மென்ட்..."

"எனக்குத் தெரியும், இது என்னதுன்னு. சின்னதுலேருந்து பாக்கேன்."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்காவின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். அக்கா இழுத்தாள், திமிறினாள். "வி..." என்று ஆரம்பித்தாள். "வி... வி..." அது 'விடு' என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு வாய் வரை வந்தது, நான் சொல்லவில்லை. படி இறங்கும் வரைக்கும் அந்த ஒரு சொல்லோடு போராடிக்கொண்டிருந்தாள். அவள் முடிப்பதற்குள் வேனின் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. போனைக் காக்கா எடுத்து, "அவ வரமாட்டா" என்று வைத்துவிட்டார். நாங்கள் கூடினோம், உட்கார்ந்திருந்தோம், கலைந்தோம். யாருக்கும் எதுவும் ஓடவில்லை. மாஸ்டர் அவள் இல்லாமல் ஆடுகிற மாதிரி மாற்றிப் பார்த்தார். எங்கள் கைகளுக்குப் பின்தொடர ஆள் இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் மண்டபத்துப் படியில் அவள் வந்து நின்றாள். தனியாக. முழங்கையில் சிராய்ப்பு, தலைமுடி கலைந்து கிடந்தது, முகம் மட்டும் ஜெயித்தவள் முகம்.

"ப... பஸ்ஸுல வந்தேன்" என்றாள்.

அவள் வாழ்நாளில் தனியாக பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கருங்கல் வழியாகத் தக்கலைக்கு. கைதட்டினோம். அவள் உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையைச் சுழற்ற ஆரம்பித்தாள்.

நான் சாயா வாங்கக் கீழே இறங்கினேன். கடை ஓரத்தில் ஒரு வயதான அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். என் காலிப்பரைப் பார்த்து, "நீதானா அவளுக்க கூட்டுக்காரி?" என்று கேட்டாள். அக்காவின் உம்மா.

"நீங்களும் வந்தியளா? உள்ள வாங்கம்மா."

"வேண்டாம் மக்கா. அவளுக்குத் தெரியாண்டாம். அவ முன்வாசல்ல ஏறினா, நான் பின்வாசல்ல ஏறி ஒளிஞ்சி இருந்தேன். ஒத்தைக்குப் போவேன்னு ஒரே பிடியா நிக்கா. என்ன செய்யச் சொல்லுக?"

பஸ்ஸில் நடந்ததை உம்மா அடக்க முடியாமல் சொன்னாள். யார் எழுந்து சீட் கொடுத்தும் அக்கா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு வளைவில் கை போய், உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவர் கத்தினார். அக்கா அபூர்வமாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். "மன்னிச்சுக்கிடுங்க" என்று அவள் சொல்லி முடிக்கும்போது அவர் கருங்கல்லில் இறங்கிப் போயிருந்தார். அந்த சீட்டில் புதிதாக வந்து உட்கார்ந்தவர் திருதிருவென்று விழித்து, "எதுக்கும்மா?" என்றாராம். உம்மா தலைப்புக்குள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"காக்கா ஏசமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அவனக் குத்தம் சொல்லாத மக்கா. சின்னதுல இவ தெருவுல எறங்கினா பயலுவ பின்னாலயே வருவானுவ. இவளப் போல கைய ஆட்டிக் காட்டுவானுவ. இவன் ஒருத்தன் விடாம அடிப்பான், அடியும் வாங்குவான். முன்பல்லு போனது அப்படித்தான். சவூதிக்குப் போயிட்டு போன் போட்டா மொதல்ல கேக்கது, அவள எவனாவது கிண்டல் செய்தானான்னுதான். இங்க வந்து பாத்தா, பெரிய மனுசங்களும் அதத்தான் செய்யிய."

இது அது இல்லை என்று சொல்லலாம். அதை அவருடைய பல்லுக்கு எப்படிச் சொல்வது?

அன்று மாலை, உம்மா பஸ்ஸில் ஒளிந்து வந்ததை அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டேன், மனசு கேட்கவில்லை. அவள் என்னை ஏளனமாகப் பார்த்தாள். "உம்மாக்க இருமல்... எனக்குத் தெரியாதா?"

நிகழ்ச்சி நாகர்கோவிலில், ஒரு கல்லூரி அரங்கத்தில், மதியத்துக்கு மேல். அக்கா காக்காவிடம் அவளே பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. உம்மாவையும் எங்கள் எல்லாரையும் வேனில் ஏற்றி அவர்தான் ஓட்டி வந்தார். அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். உட்காரவில்லை.

அறிவிப்பாளர் எங்களை, "இந்தத் தெய்வக் குழந்தைகள்" என்று அழைத்தார். திரைக்குப் பின்னால் அக்கா பல்லைக் கடித்தாள். "எனக்கு... நாப்பது வயசு" என்றாள்.

முதலில் அவள் மட்டும் தனியாக. இசை கிடையாது. வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. கை கிளம்பியது. விரல்கள் விரிந்தன, மணிக்கட்டு திரும்பியது, முழங்கை ஏறியது. மின்விசிறிகளின் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பக்கத் திரையின் இடுக்கில் நான் நின்றிருந்தேன். அடுத்து உள்ளே போக வேண்டியவள் நான்தான்.

நடு வரிசையில் ஒரு மாணவன் சிரித்தான்.

சின்னச் சிரிப்புதான். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. அவன் பக்கத்திலிருந்தவனும் வாயைப் பொத்திக்கொண்டான், தோள் குலுங்கியது. இன்னும் எங்கேயோ ஒரு சிரிப்பு. சுவரோரத்திலிருந்து காக்கா நகர்வதைப் பார்த்தேன். நடைபாதையில் இறங்கி வந்தார். வேகமாக இல்லை. மண்டபத்தில் மாஸ்டரிடம் நடந்து வந்தாரே, அதே நடை. அவன் சட்டையைப் பிடிக்கப் போகிறார், விளக்கைப் போடுவார்கள், எல்லாம் முடிந்தது.

நான் உள்ளே போகிற நேரம் வந்துவிட்டது. காலிப்பர் மேடைப் பலகையில் டக் டக் என்று ஒலிக்க நடந்தேன். அந்தச் சத்தத்துக்காக வாழ்நாள் எல்லாம் கூனிக் குறுகியிருக்கிறேன். அன்று அதை நினைக்கவே நேரமில்லை. அக்காவின் கண்ணைப் பார்த்தேன். அவளுக்கும் சிரிப்பு கேட்டிருந்தது. அவள் முகத்தில் கோபமில்லை. சிரிப்பு வந்த பக்கமாகத் திரும்பி, மேடையின் விளிம்பு வரைக்கும் போய், கையை இன்னும் அகலமாக வீசினாள். ஒளித்துவைக்க ஒன்றுமில்லை, நல்லாப் பாரு என்கிற மாதிரி. நான் அந்தக் கையைப் பின்தொடர்ந்தேன். எனக்குப் பின்னால் வாத்தியார் வந்து என் தோளில் கைவைத்துத் தொடர்ந்தார். பிறகு சக்கர நாற்காலிகள், மற்றவர்கள். பத்துக் கைகள் ஒன்றாகக் கிளம்பி எங்கே போகிறோம் என்று தெரியாமல் போயின. ஒரு திருப்பத்தில் அரங்கம் என் கண்ணில் பட்டது. காக்கா அந்த மாணவனுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அக்காவைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். அவளுடைய கை அவர்களை அண்டவிடவில்லை. அவர்கள் போனதும் என்னிடம் சொன்னாள், "சிரிச்சவனாவது... கொள்ளாம். இவிய என்னத்துக்கு... அழுதாவ?"

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மற்றவர்களை மாஸ்டர் வேறொரு வண்டியில் அனுப்பிவிட்டார். வேனில் நாங்கள் நாலு பேர்தான். முன்னால் காக்காவும் உம்மாவும். பின்னால் ஜன்னலோரம் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் நான், தக்கலையில் இறங்க. வண்டி வில்லுக்குறி தாண்டியது. அக்கா இருப்புக் கொள்ளாமல் சீட்டில் புரண்டுகொண்டேயிருந்தாள்.

"அந்தப் பய எங்கிட்ட ஒண்ணு கேட்டான்" என்றார் காக்கா, ரோட்டைப் பார்த்தபடியே.

"நீ அவன என்ன செய்த?" என்று உம்மா பதறினாள்.

"ஒண்ணும் செய்யேல. அடிக்கத்தான் போனேன். பக்கத்துல இருந்தேன். அவன் சிரிப்ப நிறுத்திட்டான். கொஞ்சம் கழிச்சு எனக்க காதுல கேட்டான், 'அங்கிள், அப்படி ஆவும்போ அவங்களுக்கு வலிக்குமா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்." கியரை மாற்றினார். "எனக்குத் தெரியாதுல்லா உம்மா. இவளுக்காவ ஊரு பூரா அடிபிடி கூடினேன். இவகிட்ட அதக் கேட்டதில்ல."

வண்டி போய்க்கொண்டேயிருந்தது. கண்ணாடியில் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏட்டி, வலிக்குமா?"

அக்காவின் வாய் ஒரு பக்கம் கோணியது. வலிக்காது என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். எத்தனை மாதம் கூட ஆடியிருக்கிறேன், அந்தக் கையில் நான் கண்டதெல்லாம் கும்மாளம்தான்.

"வ... வலிக்கும்" என்றாள். "எப்பவும்."

உம்மா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதிது என்று முகம் சொன்னது. காக்காவின் தோள்கள் இறங்கின. "பின்ன என்னத்துக்குட்டி கிடந்து ஆடுக?" என்றார்.

"சும்மா இருந்தாலும்... வலிக்கும். ஆடினாலும்... வலிக்கும்." அவளுக்கு அந்தக் கேள்வியே அலுப்பாக இருந்தது போல. "பின்ன, ஆடிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை இழுத்தாள். அது இறுகிப்போயிருந்தது. நான் உதவப் போனேன், தட்டிவிட்டாள். அவளே இழுத்துத் திறந்தாள். காற்று உள்ளே அடித்தது. கையை முழங்கை வரைக்கும் வெளியே நீட்டினாள். அது அதன் போக்கில் விரிந்தது, திரும்பியது, மேலே ஏறியது. எதிரே பைக்கில் வந்த ஒருத்தன், யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றான்.

காக்கா பக்கக் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தார். உள்ளே போடு என்று சொல்லவில்லை. வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.